மாவு பொங்கும் நேரத்தில் ஒரு படம்: ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு

ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் அவ்வளவுதான். கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டி இருப்பதால் அங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. 1,800 மீட்டர் அளவில் இருக்கும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94 டிகிரி. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது மலையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் யூடியூபில் கேக் செய்முறையைப் பார்த்து உட்காரும்போது அது மறந்துபோகும். அந்தச் செய்முறை சென்னையிலோ மும்பையிலோ 30 டிகிரி வெயிலில் எழுதப்பட்டது. "ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகும்" என்று அதில் இருக்கும். ஓவியப் பாட வீடியோக்களில் "பத்து நிமிடத்தில் வாஷ் காய்ந்துவிடும்" என்பார்கள் (வாஷ் என்பது நிறையத் தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தாளில் பரப்பும் பூச்சு). நவம்பர் மாத ஊட்டியில் இரண்டும் நடக்காது.

ஓய்வு பெற்ற பிறகோ, பிள்ளைகள் வெளியூர் போன பிறகோ மறுபடியும் ஓவிய வகுப்புக்குப் போக நினைப்பவர்களுக்கும், வீட்டிலேயே பிரெட், கேக் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் இது எழுதப்பட்டது. இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள் என்பது எங்கள் யோசனை. இரண்டிலும் கைவேலை கொஞ்சம், காத்திருப்பு அதிகம். மலையில் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். மாவு பொங்க இரண்டரை மணி நேரம் ஆகும் என்றால், ஒரு சின்ன வாட்டர்கலர் படத்தை முடிக்கவும் அதே நேரம் வேண்டும்.

வகுப்பில் சேர்வதற்கு முன்

மலை ஊர்களில் தனியார் ஓவிய வகுப்புகள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. சனி, ஞாயிறு சாயங்காலம் நடக்கும். பள்ளி ஓவிய ஆசிரியர்கள் வீட்டிலேயே சொல்லித்தருவதும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு வரையச் சொன்னால் முழங்கால் ஒரு மாதம் தாங்காது, நாற்காலியும் மேசையும் இருக்கிறதா என்று பாருங்கள். சாயங்கால வகுப்பென்றால் விளக்கு வெள்ளை வெளிச்சமா, மஞ்சளா என்று கவனியுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் கலந்த நிறம் காலையில் வேறு நிறமாகத் தெரியும். ஆசிரியர் அச்சுப் படத்தைப் பார்த்து வரையச் சொல்கிறாரா, பொருளை எதிரே வைத்து வரையச் சொல்கிறாரா என்பதையும் கேளுங்கள். எதிரே ஒரு கேரட்டையோ டம்ளரையோ வைத்து வரையச் சொல்பவரிடம் சேருவது நல்லது. பள்ளி நாட்களில் லோயர், ஹையர் டிராயிங் தேர்வு எழுதியவர்களுக்கு அந்தப் பழக்கம் சீக்கிரமே திரும்பிவிடும்.

ஆறு மாதம் பழகும்வரை வாட்டர்கலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அக்ரிலிக் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலமாகாது, காய்ந்த பிறகு வெடிக்கும் அல்லது தூளாக உதிரும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டி வீடுகளில் அந்தக் குளிர் சாதாரணம். ஆயில் கலருக்கு டர்பன்டைன் வேண்டும், குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டு அந்த நெடியில் உட்காரக் கூடாது.

வாங்க வேண்டியது

ஓவியத்துக்கு ஆறு ட்யூப் போதும்: அல்ட்ராமரைன், ப்ருஷியன் புளூ, லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், கிரிம்சன், பர்ன்ட் சியன்னா. 24 நிறப் பெட்டி பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் கலக்கக் கற்றுக்கொள்வதை அது தள்ளிப்போடும். ரவுண்டு பிரஷ் 6-ம் நம்பரும் 10-ம் நம்பரும், ஒரு அங்குல ஃபிளாட் ஒன்றும் வேண்டும். சிந்தெடிக் முடியே நல்லது. தாளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில், கூடினால் தாள் தடிமன்) வாங்குங்கள். 200 ஜிஎஸ்எம் தாள் ஈரம் பட்டதும் அலை அலையாக எழும்பும், பள்ளங்களில் நிறம் தேங்கும், கை வரவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்வீர்கள்.

பேக்கிங்குக்கு முதலில் ஒரு டிஜிட்டல் தராசு. கப் கணக்கில் மைதாவை அள்ளினால் ஒரு கப்புக்கு 20, 30 கிராம் கூடக் குறைய வந்துவிடும். அடுத்து ஓடிஜி எனும் சின்ன மின்சார ஓவன், 25 லிட்டருக்கு மேல். அதற்குள் வைக்கும் தனி தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்குங்கள். ஓடிஜி திருகில் 200 என்று வைத்தால் உள்ளே 175 இருப்பதும் 220 இருப்பதும் சகஜம். சாயங்காலம் மின்னழுத்தம் இறங்கும் பகுதிகளில் இது இன்னும் மோசம், பேக்கிங்கைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டை அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்க வேண்டாம். பிரித்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் சில மாதம் தாங்கும், அலமாரியில் வைத்தால் மழைக்காலத்தில் செத்துவிடும்.

பிசையாத பிரெட்

மணிக்கட்டு வலி உள்ளவர்கள் பத்து நிமிடம் மாவு பிசைய வேண்டியதில்லை. ஈரமான மாவை ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் பசையம் (மாவுக்கு இழுவை தரும் குளூட்டன்) தானாகவே இழை பிடித்துக்கொள்ளும். இந்த முறைக்கு மலைக் குளிர் ஒரு வரம். சமவெளியில் இதே மாவு காலைக்குள் புளித்துத் தளர்ந்துவிடும்.

அளவு: மைதா 300 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 285 மில்லி, உப்பு 8 கிராம், சர்க்கரை 10 கிராம், எண்ணெய் 15 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன். கால் டீஸ்பூன் போதுமா என்று தோன்றும். 12 மணி நேரம் இருக்கிறது, போதும். பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேர்த்தால் தண்ணீர் இன்னும் 15 மில்லி இழுக்கும், பிரெட் கொஞ்சம் கனமாக வரும்.

1. ராத்திரி எட்டரை மணிக்கு மாவு, உப்பு, சர்க்கரை, ஈஸ்ட்டைக் கலந்து, தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். உலர்ந்த மாவு தெரியாத அளவுக்குச் சேர்ந்தால் போதும். சப்பாத்தி மாவைவிட நன்றாகவே தளர்ந்து, கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவாதீர்கள், பிரெட் கல்லாவதற்கு முதல் காரணம் இதுதான்.

2. அரை மணி கழித்துக் கையை நனைத்துக்கொண்டு, மாவின் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்து நடுவே மடியுங்கள். பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். இன்னொரு அரை மணி கழித்து மறுபடியும் ஒரு முறை. மொத்தம் இரண்டு நிமிட வேலை. இரண்டாம் மடிப்பில் மாவு கிழியாமல் நீளுவது கையிலேயே தெரியும்.

3. மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். அறை 14 முதல் 16 டிகிரி இருந்தால் காலை எட்டு, எட்டரைக்கு மாவு இரண்டு மடங்காகி, மேலே சின்னச் சின்னக் குமிழ் தெரியும். உறைபனி நாளில் பத்து மணிகூட ஆகலாம். பாத்திரத்தின் வெளிப்பக்கம் மாவு இருக்கும் உயரத்தில் ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

4. எட்டரை அங்குல நீளம், நாலரை அங்குல அகலமுள்ள டின்னில் எண்ணெய் தடவுங்கள். மாவைப் பலகையில் கொட்டி, மெதுவாக அமுக்கிச் செவ்வகமாக்கி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, விளிம்பு அடியில் வருமாறு டின்னில் வையுங்கள்.

5. இனி இரண்டாவது பொங்கல், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். மாவு டின்னின் விளிம்பைத் தொட வேண்டும். விரலால் லேசாக அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். சட்டென்று நிரம்பினால் இன்னும் நேரமாகவில்லை. நிரம்பவே இல்லை என்றால் தாண்டிவிட்டது, உடனே பேக் செய்யுங்கள்.

6. ஓடிஜியை மேல் ராடு, கீழ் ராடு இரண்டும் எரிய 20 நிமிடம் சூடாக்கி, 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வையுங்கள். மேலே சீக்கிரம் கருகினால் 25-வது நிமிடத்தில் ஃபாயில் போடுங்கள்.

வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உள்ளே 96 டிகிரி வரவேண்டும் என்று செய்முறைகள் சொல்லும். தண்ணீரே 93-ல் கொதிக்கும் ஊரில் அந்த 96-க்காகக் காத்திருந்தால் பிரெட் வறண்டு ரஸ்க் ஆகிவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் 90, 91 போதும், குன்னூரில் 92. வெளியே எடுத்ததும் டின்னிலிருந்து கவிழ்த்துக் கம்பி வலையில் வையுங்கள். ஒரு மணி நேரம் ஆறுவதற்குள் அறுத்தால் நடுவில் பிசுபிசுப்பாக இருக்கும். அது வேகாததால் வருவதல்ல, ஆவி உள்ளேயே இருப்பதால் வருவது.

அன்றைக்கே வேண்டும், ராத்திரி வரை பொறுக்க முடியாது என்றால் ஈஸ்ட்டை ஒன்றரை டீஸ்பூனாக்கி, வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். ஒரு பங்கு கொதிநீரோடு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஊட்டியில் 40 டிகிரி கிடைக்கும். ஈஸ்ட்டுக்கு அது சரியான சூடு. கொதிநீரை நேரே ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். மாவுப் பாத்திரத்தை அணைத்த ஓடிஜிக்குள் ஒரு டம்ளர் கொதிநீரோடு வைத்துக் கதவை மூடுங்கள். சுவை ராத்திரி மாவு அளவுக்கு வராது.

வர்க்கியை வீட்டில் முயல வேண்டாம் என்றே சொல்வோம். அந்த மொறுமொறுப்பு விறகடுப்புச் சூட்டிலும் பல மடிப்பு மடித்த மாவிலும் வருவது. பேக்கரியில் வாங்கி டீயில் தொட்டுச் சாப்பிடுங்கள்.

அந்த இரண்டரை மணி நேரம்

டின்னை மூடி வைத்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டு மேசைக்கு வாருங்கள். முதல் படத்துக்கு மூடுபனியில் அடுக்கடுக்காகத் தெரியும் மலைகளே நல்ல பாடம், மாடல் ஜன்னலுக்கு வெளியே சும்மாவே நிற்கிறது. ஏ4 அளவில் பாதித் தாளை எடுத்துப் பலகையில் நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பலகைக்கு அடியில் ஒரு புத்தகத்தை வைத்துச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியன்னாவைக் கலந்தால் மலைப்பனியின் சாம்பல் நிறம் வரும். நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். கறுப்பு ட்யூபில் தண்ணீர் விட்டால் வருவது அழுக்குத் தண்ணீரின் நிறம், பனி இல்லை. தாள் முழுக்கச் சுத்தமான தண்ணீர் தடவி, ஈரத்தின் மினுக்கம் இருக்கும்போதே மிக வெளிறிய சாம்பலை மேலிருந்து கீழே ஃபிளாட் பிரஷால் இழுங்கள். கீழ்ப்பாதியில் வெறும் தண்ணீர் மட்டும். காய விடுங்கள்.

பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். ஈரம் மறைந்ததுபோல் தெரிந்ததும் அடுத்த மலையை வரையத் தோன்றும். புறங்கையைத் தாளில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். அப்போது தண்ணீர் நிறைந்த பிரஷை வைத்தால் புதுத் தண்ணீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, முட்டைக்கோஸ் இலையின் விளிம்பைப்போல் சுருக்கம் சுருக்கமாய்க் கறை விழும். அதைத் தேய்த்து எடுக்கப் பார்த்தால் தாளும் போகும். மூடுபனி நாளில் ஒரு வாஷ் காய அரை மணிக்கு மேல் ஆகும். ஹேர் டிரையரை ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே காட்டலாம். ஓடிஜியின் மேல் தாளை வைக்கக் கூடாது, வளைந்துவிடும். ஆனால் 20 நிமிட முன்சூட்டில் சமையலறைக் காற்றே உலர்ந்துவிடும், கடைசி அடுக்கைக் காயவைக்க அங்கே ஒரு மூலை போதும்.

முதல் அடுக்கு காய்ந்ததும் கொஞ்சம் அழுத்தமான நிறத்தில் தூரத்து மலையின் மேல்விளிம்பை ரவுண்டு பிரஷால் வரைந்து, கீழ்ப்பக்கத்தைத் தண்ணீர் பிரஷால் கரைத்துவிடுங்கள். மறுபடி காய விட்டு அதற்கு முன்னால் இன்னொரு மலை, இன்னும் அழுத்தமாக. கடைசியாகத் தேயிலைத் தோட்டம். ட்யூபில் வரும் பச்சை பிளாஸ்டிக் பச்சை. லெமன் யெல்லோவில் ப்ருஷியன் புளூவைத் துளித்துளியாகச் சேர்த்து, பர்ன்ட் சியன்னா ஒரு பொட்டு வைத்தால் தேயிலையின் கரும்பச்சை வரும். அங்கங்கே நிற்கும் சில்வர் ஓக் மரங்களுக்கு அதே சாம்பலைக் கெட்டியாகக் கலந்து, நிமிர்ந்த கோடு ஒன்று இழுங்கள். அல்ட்ராமரைனில் கிரிம்சன் சேர்த்தால் குறிஞ்சியின் ஊதா. 2018-ல் பூத்தது, அடுத்து 2030-ல்தான். கலந்து பழக நேரம் இருக்கிறது.

வெளியே போய் வரைய விரும்புபவர்கள் காலை எட்டு முதல் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் பல நாள் மேகம் இறங்கிவிடும். 1848-ல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, கொடைக்கானல் பிரையன்ட் பூங்கா மூன்றிலும் உட்கார இடமுண்டு. மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் போகாதீர்கள்.

கேக்: ஏன் நடுவில் பள்ளம் விழுகிறது

காற்றழுத்தம் குறைந்தால் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அதிகமாக விரியும். மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் பெருத்து உடைந்துவிடும். ஓவனுக்குள் அழகாக உயர்ந்த கேக் வெளியே எடுத்ததும் நடுவில் உட்காருவது இதனால்தான். சர்க்கரை அதிகமானால் மாவு இறுகுவது இன்னும் தாமதமாகும். ஈரமோ சீக்கிரம் ஆவியாகும். ஆகவே பேக்கிங் பவுடரும் சர்க்கரையும் குறைய வேண்டும், பாலும் சூடும் கூட வேண்டும்.

சமவெளி அளவு இப்படி இருக்கும்: மைதா 180 கிராம், சர்க்கரை 180, வெண்ணெய் 150, முட்டை 3, பால் 60 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், 180 டிகிரி. இதை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மாற்றினால் மைதா 190, சர்க்கரை 155, பால் 90, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், 190 டிகிரி. முட்டையும் வெண்ணெயும் அப்படியே. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே குச்சியால் குத்திப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரியில் இந்த மாற்றத்தில் முக்கால்வாசி செய்தால் போதும். ஆயிரம் மீட்டர் அளவில் இருக்கும் கூடலூரில் பேக்கிங் பவுடரை ஒரு சிட்டிகை குறைப்பதோடு சரி. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி, பிறகு எது கெடுத்தது என்று தெரியாமல் முழிப்பதைவிட, முதலில் பேக்கிங் பவுடரை மட்டும் மாற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

குளிர் செய்யும் வேலை தனி. 14 டிகிரியில் வெண்ணெய் கட்டியாகவே இருக்கும், எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, விரல் அழுந்தும் அளவுக்கு இளக்குங்கள், உருக விடாதீர்கள். முட்டைகளையும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். குளிர்ந்த முட்டையை விட்டால் கலவை திரிந்ததுபோல் பிரியும். பிரிந்துவிட்டால் ஒரு ஸ்பூன் மைதா சேர்த்து அடியுங்கள், சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் பேக்கிங் பவுடரை நம்புவதற்கு முன் அரை டீஸ்பூன் எடுத்துச் சூடான தண்ணீரில் போட்டுப் பாருங்கள், பொங்கவில்லை என்றால் குப்பைக்கு.

கண்ணும் கையும்

சாதாரண வாசிப்புக் கண்ணாடி 35, 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது. சாய்த்து வைத்த பலகை 55, 60 சென்டிமீட்டரில் இருக்கும். அந்தத் தூரத்தை இன்ச் டேப்பால் அளந்து கண்ணாடிக் கடையில் சொல்லித் தனியாக ஒன்று போட்டுக்கொண்டால் கழுத்து வலி பாதி குறையும். கண்புரை உள்ளவர்களுக்கு நீலம் மங்கி, எல்லாம் பழுப்பாகத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1923-ல் புரை அறுவை செய்துகொள்வதற்கு முந்தைய ஆண்டுகளில் வரைந்த பல படங்களில் சிவப்பும் பழுப்பும் தூக்கலாக இருக்கும். உங்கள் படத்தில் நிறங்கள் மாறித் தெரிவதாக மற்றவர்கள் சொன்னால், கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள். விரல் மூட்டு வலிப்பவர்கள் பிரஷ் காம்பில் துணிக் கட்டு சுற்றித் தடிமனாக்குங்கள். மெல்லிய காம்பை இறுக்கிப் பிடிப்பதுதான் வலியைக் கூட்டுகிறது.

ஈரம், கரி, குரங்கு

தாளைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் தாளில் பூசியிருக்கும் பசை போய்விடும், பிறகு நிறத்தை மை ஒற்றும் தாள் மாதிரி குடிக்கும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே கருத்து உள்ளே இறங்கினால் அந்தத் தாள் பென்சில் பயிற்சிக்குத்தான். ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் ஒரு மழைக்காலம் தாண்டும். பாலெட்டை ஈரத்தோடு மூடினால் நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும், காய்ந்த பிறகே மூடுங்கள். நிறம் கழுவும் டம்ளரும் டீ டம்ளரும் வேறு வேறு வடிவத்தில் இருக்கட்டும். சமையல் பிரஷையும் ஓவிய பிரஷையும் ஒருநாளும் மாற்றாதீர்கள், சில நிறங்களில் நச்சு உலோகம் உண்டு.

கை விறைக்கிறது என்று கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு வரைவது உயிருக்கு ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெட்டை ஆறவைக்க ஜன்னல் திட்டு வேண்டாம், குரங்கு தூக்கிவிடும். கரடி நடமாட்டம் உள்ள கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் ராத்திரி சமையலறைக் கதவைத் தாழிட்டு, வெண்ணெய்த் தாளையும் முட்டை ஓட்டையும் வெளியே போடாமல் மூடிய டப்பாவில் காலைவரை வையுங்கள்.